மச்சானின் சேட்டோடு சாட்சி சொல்லப் போனது

வெறுந்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன காரியம். தொண்ணூறில் யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளம் கரையில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் இருந்த காலத்தில் அது தொடங்கியது. அரிசிக்கு ஒரு விண்ணப்பம், கிடுகுக்கு ஒன்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒன்று. எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுத வேண்டும். எங்கள் முகாமில் அப்படி எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய கொட்டிலின் முன்னால் விடிந்ததிலிருந்து ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நின்றால் அன்றைக்கு உப்பளத்து வேலை போய்விடும். அதனால் நீளத்தாளின் அடியில் கையெழுத்தையோ பெருவிரலையோ வைத்துவிட்டு, இன்னது வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர் ஆறுதலாக இருந்து மேலே எழுதி அனுப்பி வைப்பார். அரிசி வரும். கிடுகு வரும்.

அந்த மனிதர்தான் பிறகு என் ராத்தாவைக் கலியாணம் முடித்தார். எங்கள் உம்மா முகாமில் காய்ச்சலில் மௌத்தாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ராத்தா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று உப்பளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். கலியாணப் பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ட தம்பி எங்களோடதான் இரிப்பான்." மச்சான் ஓம் என்றார். எனக்கென்று ஒரு குடும்பம் அமையும் வரை அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்றேன்.

சின்ன வயதில் அவர் எழுதுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். சிங்கள எழுத்துகள் வட்டம் வட்டமாக, மணலில் நண்டு போட்ட வளைகளைப் போல வரிசையாக வரும். அந்த வளைகளுக்குள்ளிருந்துதான் எங்கள் அரிசி வருகிறது என்று நினைத்தேன். அப்போது அவர் மேல் எனக்கு ஏற்பட்ட மலைப்பு, பின்னர் எத்தனையோ நடந்த பிறகும் முழுதாகப் போய்விடவில்லை.

யுத்தம் முடிந்ததும் எங்களில் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். நாங்கள் போகவில்லை. மச்சான் தேர்தலில் நின்று பிரதேச சபை உறுப்பினரானார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் எழுதிக் கொடுத்த கடதாசி இல்லாத வீடு அந்தக் கரையில் இருக்கவில்லை. நான் கரையில் ஒரு வாடிக் கொட்டில் போட்டுக் கருவாடு காயவைத்துக் கொண்டிருந்தேன். அதற்குள் ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து, காத்தாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடத் தொடங்கியிருந்தார்கள். அங்கே கரையில் நிலத்தின் மதிப்பு ஏறியது. எங்கள் பாட்டுக்கும் அது வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பாடு என்று நாங்கள் சொல்வது கரைவலை இழுக்கும் இடத்தை. அங்கேதான் வள்ளங்களை ஏற்றி வைப்போம், மீனைக் காய வைப்போம்.

ஒருநாள் காலையில் மச்சான் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். ராத்தா அலுமாரியைத் திறந்து ஒரு கட்டு நீளத்தாள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை என் கையில் வைத்தார்.

"பாட்டுக்குப் போற ரோட்டுக்குக் கொங்கிறீட்டும் லைட்டும் கேக்கப் போறன். வீடு வீடாப் போய் அடியில கையெழுத்து வாங்கிட்டு வா. மேல நான் எழுதிக்கொள்ளுவன்."

போனேன். நான் அதிகம் பேசாதவன். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அன்று யாரும் என்னைப் பேச வைக்கவில்லை. தாளைக் கண்டதும் பேனையைக் கேட்டார்கள்.

"நீ கொண்டந்தாச் சரிதான்" என்றார் ஒரு வயதான கரைவலைக்காரர். பிறகு பேனையைத் திருப்பித் தரும்போது சிரித்தார். "உன்ட மச்சான் மேல என்னத்த எழுதுவாரோ. எனக்கு ரெண்டாவது நிக்காஹ் எண்டு எழுதிராம பாத்துக்கொள்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்: "எழுதினா எழுதட்டும். வாறவள் வந்து இந்தக் கருவாட்டு மணத்துல ஒருநாள் இருந்து காட்டட்டும்."

இன்னொரு வீட்டில் ஒரு லைட்டைத் தன் படலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லி அனுப்பினார்கள். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் கட்டு முடிந்தது. எல்லாத் தாளும் மேலே வெள்ளை. அடியில் மட்டும் ஒரு கையெழுத்து. கடைசித் தாளில் நானும் போட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு விடியலில் வலையைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள் பாட்டில் கம்பிவேலியைக் கண்டார்கள். காக்கி உடுப்புப் போட்ட காவல்காரன் ஒருவன் நின்றான். ஹோட்டல் வரப்போகிறது என்றான். ஆட்கள் திரண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார்கள், நானும் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒரு கோப்பைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். இந்தக் கரையை நாங்கள் இப்போது பாவிப்பதில்லை, உல்லாசப் பிரயாணத் தொழிலுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒவ்வொரு தாளிலும் சிங்களத்தில் எழுதியிருப்பதை வாசித்துச் சொன்னார். அடியில் எங்கள் கையெழுத்துகள்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?" என்று அவர் கேட்டார்.

"ஓம்" என்றார் வயதானவர். அது அவருடைய கையெழுத்துத்தான். பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்கு நான் நித்திரை கொண்டிருப்பேன்.

ஹோட்டல்காரர்கள் அதற்குக் கைமாறாகக் கரையோரத்தில் ஒரு துண்டு நிலத்தை ராத்தாவின் மகள் பெயரில் எழுதியிருந்தது பிறகு தெரியவந்தது. எங்களில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் ஒரு வீடு கொடுக்க வேண்டும். அந்த மருமகளுக்குக் கற்பிட்டியில் நல்ல இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீடு கட்ட மச்சானிடம் நிலம் இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் காணிக் கடதாசி எழுதிக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு காணி இல்லை.

மீனவர் சங்கம் வழக்குப் போட்டது. பொலிஸில் நான் தாள்களைக் கொண்டுபோனதை மட்டும் சொன்னேன்; அவர்கள் சிங்களத்தில் எழுதி அடியில் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. பத்திரிகையில் மச்சானின் படம் வந்தது. பிணையில் வந்த பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழ வேண்டியவர்கள் ஒரு வரிசை தள்ளி நின்றார்கள். கற்பிட்டிப் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு காரணமும் சொல்லவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்கள். மருமகள் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சாட்சி சொல்லச் சொல்லி எனக்கு அழைப்பாணை வந்தது. சாட்சி நாளுக்கு இரண்டு நாள் முன்னர் மச்சான் என்னைக் கூப்பிட்டார். ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்றாள்.

"நீ அதிகம் கதைக்கத் தேவையில்ல" என்றார். "கடிதத்தை வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினன் எண்டு சொன்னாப் போதும். அவ்வளவுதான்."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, வாய்க்குள்ள மண்ணா?"

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதே மச்சான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எத்தன வருசம் எழுதினன்டா. இந்தக் கரையில ஒவ்வொருத்தன்ட தலைக்கு மேலயும் இரிக்கிற கூரை என்ட பேனையால வந்தது. எனக்கெண்டு ஒரே ஒரு தரம் எழுதினன்."

அது பொய் இல்லை. நான் வாசித்துக் காட்டியதாகச் சொன்னால், அறுபது எழுபது வீடுகளின் பாடு போகும். வெறுந்தாள் என்று சொன்னால், என்னை வளர்த்த வீடு போகும். ராத்தாவைப் பார்த்தேன். அவள் நான் குடித்து முடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சேட்டு, அயன் பண்ணி மடித்தது. மச்சான் சபைக் கூட்டங்களுக்குப் போட்ட சேட்டு.

"கோட்டுக்குப் போறவன் உன்ட அந்தக் கருவாட்டுச் சேட்டோட போவாத" என்றாள். "நீதவான் மூக்கப் பொத்திக்கொண்டு எப்பிடித் தீர்ப்புச் சொல்லுவார்?"

"ராத்தா, நான் என்னத்தச் சொல்ல?"

"கையக் கொஞ்சம் மடிச்சுவிடு. உனக்கு நீளம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புத்தளம் கோட்டுக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. வாசலில் நின்ற பொலிஸ்காரர் மடித்திருந்த கையை இறக்கிப் பொத்தானைப் போடச் சொன்னார். இறக்கினேன், பாதி விரல்கள் மறைந்தன. உள்ளே கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. நீதிபதி வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள், பொலிஸ்காரர்கள், கூண்டில் நின்ற மச்சான், எங்கள் கரையின் ஆட்கள், எல்லாரும் ஒரே நேரத்தில். பள்ளிவாசலுக்கு வெளியே அத்தனை பேர் ஒன்றாக எழுந்து நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறினேன். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் நின்றார். அவர் மொழிபெயர்ப்பாளர். உண்மையே சொல்வேன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அரசாங்கச் சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பார். அந்தப் பெண் தமிழில் கேட்பார். நான் தமிழில் சொல்வேன். அவர் சிங்களத்தில் சொல்வார். கீழே ஒருவர் அதைத் தட்டச்சில் அடிப்பார். நான் நின்றால் அந்த இயந்திரமும் நிற்கும். ஒரு சொல்லுக்காக நான் எச்சில் விழுங்கினால் அந்த மண்டபம் முழுவதும் காத்திருக்கும். ஊரில் என் பேச்சு முடியும் வரை யாரும் நின்று கேட்டதில்லை. என் மனைவிகூட இடையில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இங்கே, அத்தனை உயரத்தில் இருந்த மனிதர், பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கையெழுத்து வாங்கியபோது தாள்களில் என்ன எழுதியிருந்தது?"

மச்சானைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டியிலிருந்து கை வரை பார்த்தார். அது யாருடைய சேட்டு, யார் அயன் பண்ணியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்டும் எழுதியிருக்கல்ல" என்றேன். "வெறுந்தாள்."

அந்தப் பெண் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஹிஸ் கடதாசி. எனக்கும் விளங்கியது. இயந்திரம் அடித்தது. இரண்டு சொற்கள். திரும்பி எடுக்க முடியாதபடி அது தாளில் ஏறிவிட்டது. என் கையெழுத்துக்கு மேலே மற்றவர்கள் எழுதிய எத்தனையோ தாள்கள் இருக்கின்றன. நான் சொன்னதை நான் சொன்னபடியே ஒரு தாளில் எழுதியது அன்றைக்குத்தான்.

மச்சானின் சட்டத்தரணி எழுந்தார்.

"இவர் உங்களை வளர்த்தவர்தானே?"

"ஓம்."

"இவருடைய வீட்டில் சாப்பிட்டீர்கள்?"

"ஓம்."

"எத்தனை வருடம்?"

எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. "கலியாணம் முடிக்கிற வரைக்கும்" என்றேன்.

"அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டித்தான் நீங்கள் கையெழுத்து வாங்கினீர்கள் என்று நான் சொல்கிறேன்."

"ஐயா, நான் அஞ்சாம் வகுப்பு. சிங்களத்துல என்ட பேரும் வாசிக்க வராது."

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. கூண்டிலிருந்து இறங்கினேன். ராத்தா கடைசி வாங்கில் தனியாக இருந்தாள். நான் வேறு பக்கம் போகப் பார்த்தேன். அவள் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, பக்கத்தில் இடம் விட்டாள். இருந்தேன். சேட்டின் கையை அவளே இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குத் தவணைகள். ஒரு தவணைக்கு நீதிபதி வரவில்லை. ஒரு தவணைக்குச் சட்டத்தரணி வரவில்லை. கடைசியில் மச்சானின் பக்கத்துச் சாட்சியாக ராத்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் கடிதங்களை எழுதி, வீட்டில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டித்தான் கொடுத்தார் என்று அவள் சொல்ல வேண்டும். சட்டத்தரணி வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தபோது அவள் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் கோபம் வரவில்லை. அவளுக்கு அது வீடு, புருஷன், பிள்ளை. அவள் அப்படிச் சொன்னால் கரையில் நான் பொய்யன். ஆகட்டும் என்று மனதை ஆக்கிக்கொண்டுதான் போனேன்.

அவள் கறுப்பு ஹபாயாவோடு கூண்டில் ஏறினாள். அந்த உயரத்தில் அவள் சின்னதாகத் தெரியவில்லை. சட்டத்தரணி கேள்வியைக் கேட்டார். அவள் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"அலுமாரிச் சாவி என்னட்டத்தான் இரிக்கும்" என்றாள். "அண்டைக்குத் தாள எடுத்துக் குடுத்தது நான். வெறுந்தாள். அவரு அத அப்பிடியே தம்பிட கையில குடுத்தாரு."

சட்டத்தரணியின் முகம் மாறியது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றன் ஐயா. வருசக்கணக்கா யோசிச்சன்."

நீதிபதி தானே ஒரு கேள்வி கேட்டார். கண்ணாடிக்காரப் பெண் அதைத் தமிழில் சொன்னபோது அவருடைய குரலும் மெதுவாகிவிட்டது: "கணவருக்கு எதிராகச் சொல்கிறீர்கள் என்று உங்களுக்கு விளங்குகிறதா?"

"எதிராச் சொல்லல்ல" என்றாள் ராத்தா. "இவரு நல்ல மனிசன். முகாமில இவரு எழுதிக் குடுத்த கடதாசியள இந்தக் கோட்டுல ஒருத்தரும் கேக்கல்ல. கேட்டா, அதயும் சொல்லுவன்."

இயந்திரம் அதையும் அடித்தது. ஒரு சொல்லையும் விடவில்லை. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து அவளையே பார்த்தார். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அவருடைய முகத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விடியும் முன் சுபஹு நேரத்தில் கடலைப் பார்க்கும்போது சில நாட்களில் எனக்கு வாயில் பேச்சு வராது, பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கூண்டிலிருந்து இறங்கி வந்த என் சொந்த ராத்தாவைப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் வந்து இருந்ததும் அவள் கேட்டது தண்ணீர்.

தீர்ப்பு வந்தது. மச்சானுக்குச் சிறை. வேலியைப் பிடுங்கினார்கள். மருமகள் பெயரில் இருந்த துண்டு நிலமும் போனது. வயதான கரைவலைக்காரர் முதல் வலை இழுத்த அன்று ஒரு கூடை மீனை ராத்தா வீட்டுப் படலையில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனார். ராத்தா அதைச் சமைத்து மறுநாள் சிறைக்குக் கொண்டுபோனாள்.

முதல் தடவை அவளோடு நானும் போனேன். உள்ளே மச்சானைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வெளியில் மரத்தடியில் நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள்.

"உள்ளுக்கும் எழுதுறாராம்" என்றாள். "ஆக்கள் வரிசையில நிக்கிறாங்களாம். மனு எழுத."

"ம்."

"வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கிறீங்களா எண்டு கேட்டன். சிரிச்சாரு."

கொஞ்ச தூரம் போன பிறகு நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்குக் கூண்டில் ஏறும்போதே அப்படிச் சொல்ல நினைத்துத்தான் ஏறினாளா என்று.

"இல்ல" என்றாள். "அவரு சொல்லித் தந்ததச் சொல்லத்தான் ஏறினன். அந்தப் பொம்புள பக்கத்துல வந்து நிண்டதும், அண்டைக்கு நீ நிண்டது ஞாபகம் வந்திச்சு. விரல் தெரியாத சேட்டோட. நீ பொய் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பன். ஒரு வீட்டுல ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னா அது பெரிய பாரமா இருக்காது."

அந்தச் சேட்டை அவள் கொண்டுவந்து தந்ததால்தான் எனக்கு வாய் திறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னைப் பார்த்துச் சொன்னேன் என்கிறாள். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உப்பளங்கள் தெரியத் தொடங்கின. பஸ் புத்தளத்துக்குள் நுழையும்போது அவள் என் தோளைத் தட்டினாள்.

"அந்தச் சேட்டு எங்க?"

"வீட்டுல இரிக்கு."

"கழுவி வை. அவரு கேட்டாரு. வெளியில வாற அண்டைக்கு அதத்தான் போட வேணுமாம்."

கழுவி வைத்தேன். மருமகள் இப்போதும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் மச்சான் வெளியே வருவதற்கு முதல் நாள், அந்தச் சேட்டை வாங்கிப் போக அவள்தான் வந்தாள். நான் அயன் பண்ணியது சரியில்லை என்று, வாசலில் நின்றபடியே அதை உதறி வேறு மாதிரி மடித்துக்கொண்டு போனாள்.